ஒரே சூளையில் வெந்தது

என் வலது முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, ஒரு கொய்யாப்பிஞ்சு அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. அங்கே இருப்பது என் எலும்புதான் என்று எக்ஸ்ரே சொல்கிறது. நம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அந்த இடத்தில் கையை வைத்தால் எனக்குச் சரசக்காவின் குரல்தான் கேட்கிறது. "ஒரு கொறையும் இல்லீங்க" என்கிற அந்தக் குரல்.

பார்க்கிறவர்கள் எல்லாரும், "என்னமோ பீங்கான்ல எலும்பு செஞ்சு வெச்சாங்களாமா டீச்சர், எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். நானும் சிரித்து மழுப்பிவிடுகிறேன். சரசக்காவைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். முப்பது வயது தாண்டியிருந்தது. மாடி வகுப்புக்குப் படியேறும்போது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. வாயு என்றார்கள். பூண்டு வதக்கித் தின்றேன், தைலம் தேய்த்தேன், சாக்பீஸ் தூளோடு தைலமும் மணக்க மணக்கப் பாடம் நடத்தினேன். ஒரு நாள் காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டரும் பூக்காரம்மாவும் தூக்கி நிறுத்தினார்கள். கால் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை விளக்குப் பெட்டியில் மாட்டினார். நெடுநெடுவென்று உயரமான மனிதர். குரல் மட்டும் மெத்தென்று இருக்கும்.

"இங்க பாருங்கம்மா. எலும்புன்னா வெள்ளையாத் தெரியோணும். இந்த எடத்துல கருப்பாத் தெரியுது பாருங்க, அங்க எலும்பு இல்லீங்க."

எங்கள் வீட்டுக்காரர் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் லேத்தில் நிற்பவர். அவர் எக்ஸ்ரேவுக்கு ரொம்பக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "புளோ ஹோல் மாதிரி இருக்குதுங்க" என்றார். வார்ப்பில் காற்று மாட்டிக்கொண்டு உள்ளே விழுகிற ஓட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். அப்படி ஓட்டை விழுந்த வார்ப்பை அவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும், பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஊசியால் உள்ளிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை அந்த வராந்தா பெஞ்சுதான் கதி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு பெஞ்சில் சும்மா உட்காரத் தெரியாது. "எந்தூருங்க?" என்று ஆரம்பித்தால், தேநீர் வருவதற்குள் யாராவது ஒருவர் இன்னொருவருக்கு மாமன் முறை ஆகிவிடுவார். எல்லார் மடியிலும் பழுப்பு உறையில் எக்ஸ்ரே. அதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசமாட்டார்கள். மழை, தேங்காய் விலை, யானை வாழைக்குள் புகுந்தது, எல்லாம் பேசுவார்கள்.

ஜெயன்ட் செல் ட்யூமர் என்று வந்தது. ட்யூமர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் செல்கள் ராட்சத அளவில் தெரியுமாம், பெயர் அதனால்தான். பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, எலும்பை மட்டும் அரிக்கும். கதவு நிலையைக் கறையான் அரிப்பதுபோல. சுரண்டி எடுத்துவிடலாம். எடுத்த குழியை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் கேள்வி.

இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அடைப்பது வழக்கம். என் குழி பெரிது, அது போதாது. சிமெண்ட் போல ஒன்று உண்டு, அது கடைசிவரை சிமெண்டாகவே இருக்கும். மூன்றாவதாக, புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்றார். எலும்பில் இருக்கிற அதே கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்த்துச் சூளையில் சுட்டு எடுத்த பீங்கான் துணுக்குகள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளைகள். அந்தத் துளைகளுக்குள் நம் ரத்தம் நுழையும், எலும்புச் செல்கள் குடியேறும், கொஞ்சம் கொஞ்சமாகப் பீங்கானைக் கரைத்துவிட்டுத் தங்கள் எலும்பை அங்கே கட்டிக்கொள்ளும். கேரளத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்கிறார்கள். இன்னும் விற்பனைக்கு வரவில்லை. சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் ஆட்களுக்கு வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குக் காசு கிடையாது.

"இதுக்கு முன்னால யாருக்குங்க வெச்சாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மொதல்ல முயலுக்கு. அப்பறம் ஆட்டுக்கு. இப்பத்தான் மனுசங்களுக்கு."

"ஆடு நடந்துச்சுங்களா?"

"நல்லா நடந்துச்சுங்க."

அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும்தான்.

ஆபரேஷனில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள், தூக்கம் இல்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என் காலைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. தேங்காய் துருவுகிற சத்தம் அச்சாக அப்படியே இருக்கும். ரொம்ப நாளைக்கு எங்கள் வீட்டில் யாரையும் தேங்காய் துருவ நான் விடவில்லை. சுரண்டி முடித்ததும் யாரோ கண்ணாடிக் குப்பியைத் திறந்தார்கள். உப்புக்கல்லைக் கிண்ணத்தில் கொட்டுவதுபோல ஒரு சத்தம். அதுதான் எனக்குள் போனது.

வார்டில் பக்கத்துக் கட்டில் சரசக்கா. பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, கொப்பரை வியாபாரம். ஐம்பதை நெருங்கிய வயது. சர்க்கரை உண்டு. தொடை எலும்பின் அடியில் அவருக்கும் ஒரு கட்டி, எனக்குச் சில நாள் முன்னால் அவருக்கும் அதே பீங்கானை வைத்திருந்தார்கள்.

பீங்கானைச் செய்த இடத்திலிருந்து வத்சலா என்ற பெண் வருவார். என் வயதுதான் இருக்கும். அவர் சொல்லித்தான் எங்கள் இருவருக்கும் வைத்தது ஒரே தடவையில் சூளையில் சுட்ட சரக்கு என்று தெரிந்தது. சரசக்காவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். பார்க்க வருகிற ஒரம்பரை, உறவுக்காரர் எல்லாரிடமும் என்னைக் காட்டி, "இந்த அம்மணியும் நானும் ஒரே சூளைச் செங்கல்லுங்க" என்பார். அவர் வீட்டிலிருந்து வரும் இளநீரில் பாதி எனக்கு. எங்கள் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடித்துவிட்டு, நாத்தனார் கட்டிக்கொடுத்த அரிசிம்பருப்புச் சோற்றோடு வருவார். அதில் பாதி அக்காவுக்கு. மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று நான் முனகியதற்கு, அவர் லேத்தில் கடைந்து, முனை மழுக்கி, பளபளவென்று ஒரு கம்பி செய்து கொண்டுவந்தார். நர்ஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு அவரைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. தோல் கீறினால் புண்ணாகிவிடும் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். அக்கா அன்று சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

தினமும் காலையில் டாக்டர் வருவார். கூடவே எழுதிக்கொள்ள ஒருவர்.

"வலி பத்துக்கு எத்தனைங்கம்மா? சுத்தமா இல்லீன்னா சைபர், உசுரு போற மாதிரின்னா பத்து."

சரசக்கா தலையணையில் நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்துகொள்வார். "அதை எங்களக் கேட்டா எப்படிங்க? நீங்களே பாத்து ஒரு நெம்பர் போட்டுக்குங்க சாமி. உங்க கைராசிக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

டாக்டர் சிரிப்பார். எழுதுகிறவர் ஒன்று என்றோ இரண்டு என்றோ எழுதுவார். அப்போதெல்லாம் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அக்காவின் கால்விரல்கள் ஐந்தும் உள்பக்கமாக மடங்கி இறுகியிருக்கும். டாக்டர் அந்தப் பக்கம் போனபின் ஒவ்வொன்றாக விரியும். அது அக்காவின் பழக்கம் என்றுதான் நான் நினைத்தேன்.

நானும் ஒன்று என்றுதான் சொன்னேன். மார்க் போடுவது என் தொழில், அரை மார்க்குக்கும் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்பவள். சொந்த வலிக்கு மார்க் போடச் சொன்னால் வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். உறவுக்காரர் வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமைங்க" என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அக்காவே ஒரு மத்தியானம் சொன்னார். "அவரு நமக்குச் சும்மா வெச்சுக் குடுத்திருக்காரு அம்மணி. வலிக்குதுன்னு சொல்லிப்போட்டா அவரு மொகம் வாடிப்போகுமல்ல? கைராசிக்காரரை அப்படிச் சொல்லலாமா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இருவரும் வீடு திரும்பினோம். மறுபடி சோதனைக்கு வந்த அன்று வராந்தாவில் அக்காவைப் பார்த்தேன். புதுச் சேலை, காதில் கம்மல், காலடியில் டாக்டருக்கென்று ஒரு மூட்டை தேங்காய். முகம் மட்டும் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. கையைப் பிடித்தேன், கொதித்தது. "வெயில்ல வந்ததுங்க கண்ணு" என்றார். உள்ளே டாக்டர் கேட்டதும் அதே பதில். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "ஒரு கொறையும் இல்லீங்க."

அடுத்த முறை நான் போனபோது அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மொட்டை அடித்திருந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனாலும் "அக்கா வரலீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"போயிட்டாளுங்க அம்மணி. உள்ளயே சீழ் புடிச்சு ரத்தத்துல கலந்துபோச்சாமா. பொள்ளாச்சிலயே சேத்துனோம். இங்க கொண்டார்றதுக்கு நேரமில்லாமப் போச்சு." பிறகு தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார். "எங்கிட்டக்கூட வலிக்குதுன்னு சொல்லலீங்க. கடைசி ரெண்டு நாளுதானுங்க கத்துனா."

அன்று டாக்டர் விளக்குப் பெட்டியில் என் எக்ஸ்ரேவை மாட்டிவிட்டு வெகுநேரம் நின்றார். "நல்லா இருக்குதுன்னுதானே சொன்னாங்க" என்றார், என்னிடம் சொல்லவில்லை. பிறகு திரும்பி, "இனி யாருக்கும் இதை வைக்கப் போறதில்லீங்க, உங்க கால் தேறுற வரைக்கும். உங்க காலை வெச்சுத்தான் எல்லாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபின்தான் பயம் என்னைப் பிடித்தது. ஒரே சூளை. அக்காவைக் கொன்றது அந்தப் பீங்கான் என்றால் அது எனக்குள்ளும் இருக்கிறது. கழற்றி வைக்க முடியாது. எங்கே போனாலும் கூடவே வரும். வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது, சோறு உண்ணும்போது, பாதிப் பேச்சில், காலுக்குள் உப்புக்கல் கொட்டுகிற சத்தம் கேட்கும். வெறும் பிரமைதான். பிரமை என்று தெரிந்தும் பேச்சை நிறுத்திக் கவனிப்பேன்.

பிறகு ஒரு நாள் உண்மையாகவே அந்த இடம் சூடாயிற்று. மேலே தோலில் ஒன்றும் இல்லை. உள்ளே மட்டும் யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல. வீட்டுக்காரர் கையை வைத்துப் பார்த்தார். "டாக்டருகிட்டச் சொல்லிப்போடலாமுங்களா?" என்றேன். சொன்னால் மறுபடி திறப்பார்கள், ஒருவேளை காலையே எடுத்துவிடுவார்கள் என்று இருவருக்குமே பயம். "ரெண்டு நாள் பாக்கலாமா?" என்றார். அவர் கை என் முழங்காலிலேயே இருந்தது.

சோதனைக்குப் போகும் நாள் வந்தது. டாக்டரோடு வத்சலாவும் இருந்தார், அக்காவின் சேதி கேட்டு வந்திருந்தார். அந்தச் சூளையில் மீதமிருந்த சரக்கை எல்லாம் சோதித்துவிட்டதாகவும் அதில் கிருமி எதுவும் இல்லை என்றும் சொன்னார். சர்க்கரையாலா, ஆபரேஷனிலா, தையல் வழியாகவா, எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் கேட்டார். "வலி எப்படிங்கம்மா, பத்துக்கு?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் நாக்கின் நுனியில் வந்து நின்றது சரசக்காவின் குரல். அதே இழுப்பு, அதே மரியாதை. "ஒரு கொற" என்பதுவரை சொல்லியும்விட்டேன். என் கால்விரல்கள் எல்லாம் உள்பக்கமாக மடங்கி இறுகியிருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வத்சலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். "டீச்சர், உள்ளதைச் சொல்லணும். ஆட்டுக்கு வெச்சப்போ ஆடு நடந்தது, நாங்க எழுதினோம். அதுக்கு வலிச்சுதா, எங்களுக்குத் தெரியாது. ஆட்டுக்கு வாயில்லை. வாய் உள்ள ஆளு வேணும்னுதானே உங்ககிட்ட வந்தோம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை. அந்தப் பெண் சொன்னது அவ்வளவு எளிமையான விஷயம், அதை நாங்கள் ஒருவருமே யோசிக்கவில்லையே என்றுதான்.

"வலிக்குதுங்க" என்றேன். பெரியவர் ஒருவரின் முகத்துக்கு நேராக அந்தச் சொல்லை அதுவரை நான் சொன்னதில்லை. "எட்டுங்க. ரொம்ப வலிக்குதுங்க. உள்ள காந்துதுங்க. மன்னிச்சுக்குங்க."

டாக்டரின் முகம் வாடித்தான் போயிற்று. அக்கா பயந்தது சரிதான். ஆனால் அது ஒரு நொடிதான். மறுநொடி என் காலருகே குனிந்துவிட்டார். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். நம்பர் போட்டுக்கச் சொன்னது, முகம் வாடும் என்றது, போர்வைக்கு வெளியே விரல்கள் மடங்கியது, டாக்டர் நகர்ந்தபின் விரிந்தது. டாக்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வெரலு" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் திறந்தார்கள். உள்ளே கொஞ்சம் நீர் கோத்துச் சீழாக மாறத் தொடங்கியிருந்தது. ஆழமாக இறங்கவில்லை. கழுவினார்கள், ஓரத்தில் இருந்த துணுக்குகளை எடுத்தார்கள். நடுவில் இருந்தவை ஏற்கெனவே எலும்போடு கவ்விக்கொண்டிருந்தன, அசைத்தும் வரவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. வாரக்கணக்கில் ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏறியது. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அது காலியாக இருக்கும் நாட்களில் நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கமாட்டேன். வீட்டுக்காரர் தூக்கில் சோற்றைக் கொண்டுவந்து இரண்டு தட்டில் போடுவார். பழக்கத்தில். பிறகு ஒன்றை எடுத்து அவரே சாப்பிடுவார்.

காய்ச்சல் விட்டது. ஊன்றுகோல் ஒன்றாயிற்று, பிறகு அதுவும் போயிற்று. ஒரு வருஷம் கழித்து எடுத்த எக்ஸ்ரேவில் வெள்ளைத் துணுக்குகளின் ஓரம் மங்கிவிட்டது. எது பீங்கான், எது நான் என்று கோடு கிழித்துக் காட்ட டாக்டராலேயே முடியவில்லை. அந்தப் படத்தை வத்சலா ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனார். மறுபடி ஆட்களுக்கு வைக்க ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான். எத்தனையோ பேர் நடப்பார்கள். ஆனாலும் என் எலும்பின் நடுவில் சரசக்காவின் சூளை இருக்கிறது, அது கரைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடைசிச் சோதனைக்குப் போனேன். மேஜையில் படுக்கவைத்துக் கால்மீது துணியைப் போர்த்தினார்கள். டாக்டர் வந்தார். தலை ரொம்ப நரைத்திருந்தது.

"வலி இருக்குதுங்களா?"

"இல்லீங்க. சைபருங்க."

முன்பெல்லாம் அந்த பதிலோடு அடுத்த ஆளிடம் போய்விடுவார். இப்போது போகவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கால் பக்கமாக நடந்துபோய், போர்வையின் நுனியை மெல்லத் தூக்கி, என் கால்விரல்களைப் பார்த்தபடி நின்றார். அவை சும்மா கிடந்தன. அப்படியும் அவர் துணியைக் கீழே விடவில்லை.

"நெசமாத்தானுங்க" என்றேன்.